பதினோரு பேருக்கு ஒரு புத்தகம்

எங்கள் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். 1983 முதல் 1987 வரை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் அப்போது இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தோம். அந்த ஐம்பத்தெட்டில் பதினோரு பேர் இன்று இல்லை. அவர்களுக்காக 128 பக்கத்தில் ஒரு புத்தகம் செய்து, பதினோரு குடும்பங்களுக்கும் கொடுத்துவிட்டோம். எப்படிச் செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வயதில் இருக்கும் எல்லா வகுப்புகளுக்கும் இப்படி ஒரு பட்டியல் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய படங்களையும் கேசட்டுகளையும் கையாண்ட விதம் மற்றவர்களுக்கும் உதவலாம்.

ஒருவர் இறந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அதில் தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. நடுவில் அவர் வாழ்ந்த ஐம்பது வருடத்துக்கு அங்கே இடம் இல்லை. அந்த ஐம்பதில் நான்கு வருடம் எங்களிடம் இருக்கிறது. விடுதி அறை, மெஸ் பாக்கி, ஆய்வகம், இரவுக் காட்சி சினிமா எல்லாம் எங்களுக்குத் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் என்ன வேலை செய்தார்கள், வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால் ஊரை வைத்துக் கூப்பிடுவதே பழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முழுப் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன.

முதலில் கையில் எடுத்தது இறுதியாண்டுக் குழுப் படம். சாம்பல் நிற அட்டையில் ஒட்டிய 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் கறுப்பு வெள்ளைப் படம். கீழே 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று பெயர் வரிசை. என் பிரதி முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது. பின் அட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, படத்தின் மேல் வரிசை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரக்காற்றில் அது இளகும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும் வீடுகளில் இது சாதாரணம். இழுத்துப் பிரித்தால் முகங்கள் கண்ணாடியில் தங்கிவிடும். நனைத்துப் பிரிப்பது அனுபவமுள்ள பாதுகாப்பு நிபுணர்கள் செய்ய வேண்டிய வேலை. நமக்கு வழி ஒன்றுதான்: கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுப்பது.

இங்கே ஸ்கேனரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யூ.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சி.ஐ.எஸ். வகை உணரி. அதன் மேல் நேராகப் படிந்திருக்கும் பொருள் மட்டுமே தெளிவாக விழும். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி வந்தாலே முகங்கள் மங்கிவிடும். கொஞ்சம் தடிமனான, சி.சி.டி. உணரி உள்ள ஸ்கேனர் என்றால் அந்த இடைவெளியைச் சமாளிக்கும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை, கேமராவில் எடுத்தோம். படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி எல்.இ.டி. விளக்கு. லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டோம். துணி இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் ஆளும் ஜன்னலும் கண்ணாடியில் தெரியும். பகுதி பகுதியாக எடுத்துப் பிறகு கணினியில் இணைத்தோம்.

இதைவிட நல்ல வழி ஒன்று பிறகு கிடைத்தது. அந்தப் படம் ஒரே நெகடிவிலிருந்து எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொருவர் பிரதியும் ஒவ்வோர் இடத்தில் கெட்டிருக்கும். 'சட்டம் போடாமல் யாராவது வைத்திருக்கிறீர்களா?' என்று வகுப்புக் குழுவில் கேட்டோம். சிவகாசி நண்பன் ஒருவன் வீட்டு டிரங்குப் பெட்டியில், சான்றிதழ்களுக்கு நடுவே, வெயிலே படாமல் ஒரு பிரதி இருந்தது. மூலையில் பூச்சி அரித்திருந்தது, முகங்கள் அத்தனையும் சுத்தம். புத்தகத்தில் வந்திருப்பது அதன் ஸ்கேன். ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தங்கள் பிரதியோடு மல்லுக்கட்டும் முன் மற்றவர்களைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் எடுத்தோம். அந்த அளவு படத்துக்கு அது 7200க்கு 6000 புள்ளிகள் தரும். ஒரு முகத்தின் உயரம் படத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதாவது சுமார் 236 புள்ளி. அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும் என்றால் அந்த முகத்தை இரண்டு சென்டிமீட்டர் வரை பெரிதாக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் கலங்கும். அதைப் பொறுக்காமல் எங்களில் ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் முகங்களைப் போட்டுப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. திருவாரூர்க்காரனின் அக்காவிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது? நம்ம தம்பி இல்லையே" என்றார். இடது புருவத்துக்கு மேல் அவனுக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. செயலி அதைக் கறை என்று நினைத்து வழித்துவிட்டுத் தோலை நிரப்பியிருந்தது. இல்லாத விவரத்தை எங்கெங்கோ பார்த்த முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புவதுதான் அந்தச் செயலிகளின் வேலை. இறந்தவர்களின் முகத்தில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி ஆகியவற்றைக் கையால் நீக்கினோம், கறுப்பு வெள்ளை அளவைச் சீர்செய்தோம், அதோடு சரி. முகங்கள் சின்னதாகவே இருக்கின்றன.

குழுப் படத்தில் இல்லாத ஒருவன் உண்டு. தேனிக்காரன். மூன்றாம் ஆண்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். படம் எடுத்தது அடுத்த வருடம். அவன் வீட்டில் பள்ளிக்கூடக் காலத்துப் படம் ஒன்றுதான் இருந்தது. கல்லூரியில் அவன் எப்படி இருந்தான் என்பதற்கு என்.எஸ்.எஸ். முகாமில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. குளம் தூர் வாரும் வரிசையில் மண் சட்டியைக் கைமாற்றிக்கொண்டு, பாதி முகம் திரும்பி நிற்கிறான். ஆய்வகத்தில் அவனும் என் அறைத்தோழனும் ஒரே குழு. அந்த ரெக்கார்டு நோட்டில் மின்சுற்றுப் படங்கள் எல்லாம் தேனிக்காரன் போட்டவை. ஸ்கேல் வைத்து, பென்சிலை நொடிக்கொரு தரம் சீவிக்கொண்டு போடுவான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போட்டோம். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சோதனையின் சுற்றுப்படத்தை முழுப் பக்கத்துக்கு அச்சிட்டோம். பென்சில் கோட்டை ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையாக எடுக்காமல் வண்ணத்திலேயே எடுக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தின் பழுப்பையும் கிராஃபைட்டின் சாம்பலையும் பிரித்துக் கோட்டை மட்டும் எழுப்ப முடிகிறது. அவனுடைய அண்ணனுக்கு இப்போது எழுபதுக்கு மேல். "இவ்வளவு அழகாப் படம் போடுவானா?" என்று கேட்டார். வீட்டில் அவனை விளையாட்டுப் பிள்ளையாகத்தான் நினைத்திருந்தார்கள்.

குடும்பங்களிடம் பேசப் போகும்போது குழுப் படத்தை ஏ3 அளவில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனோம். குறிப்பேட்டைப் பிரித்துக் கேள்வி கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். படத்தை மேசைமேல் விரித்ததும் யார் எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள், பேச்சு தானாக வரும். எப்படி இறந்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டோம், குடும்பம் விரும்பினால் ஒழியப் புத்தகத்தில் போடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வார், எதற்குக் கோபப்படுவார், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார், எந்தப் பொருளை யாரையும் தொடவிட மாட்டார், இப்படித்தான் கேட்டோம். 'நல்ல மனுஷர்', 'யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்' என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. 'எந்தப் பொருளை' என்ற கேள்விக்குத்தான் ஆள் உயிரோடு வந்தார்.

சுவரில் மாலையோடு இருக்கும் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. பல வீடுகளில் சந்தனம் குங்குமம் வைத்த கண்ணாடிக்குள் இருப்பது ஒரு பாஸ்போர்ட் படத்தை இழுத்துப் பெரிதாக்கிய பிரதிதான். அசல் எங்காவது பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்தோடோ பழைய டிரைவிங் லைசென்ஸ் உறையிலோ இருக்கும். அதையும் பொறுமையாகத்தான் கேட்க வேண்டும். திதி நெருங்கும் நாட்களில் போகக் கூடாது.

திருவாரூர்க்காரன் மின் வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, பணிக்காலம் முழுக்கக் கீழத்தஞ்சையிலேயே இருந்தவன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களுக்கு மின் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது அவனுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்களை அழைத்துக்கொண்டு, எந்த வயலுக்குள் எந்தக் கம்பம் இருந்தது என்று நினைவிலிருந்தே காட்டினானாம். வரைபடத்தைவிட அவனை நம்பினார்கள் என்று அவனுக்குக் கீழே வேலை பார்த்த ஒரு வயர்மேன் சொன்னார். அவன் யாரையும் தொடவிடாத பொருள் அந்த நாட்களில் வைத்திருந்த ஒரு நோட்டு. எந்தத் தெருவுக்கு என்றைக்கு மின்சாரம் வந்தது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறான். கடைசி வரியில் ஒரு குடியிருப்பின் பெயர், பக்கத்தில் 'விளக்கு எரிந்தது' என்று மட்டும். அந்தப் பக்கத்தை அப்படியே புத்தகத்தில் போட்டோம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் அவனை இழந்தோம். எங்களில் யாரும் போய்ப் பார்க்க முடியாத நேரம். இந்தப் புத்தகம் செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்ததே அவனால்தான்.

கோவில்பட்டிக்காரன் கதை வேறு மாதிரி. 1989இல் குவைத்துக்கு வேலைக்குப் போனவன். அடுத்த ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்தது. ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்து வந்தனவே, அவர்களில் அவனும் ஒருவன். அதன் பிறகு வெளிநாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரிலேயே சின்ன லேத் பட்டறை வைத்தான். பாலைவனம் வழியாக வந்த பயணத்தை வீட்டில் அவன் சொன்னதே இல்லையாம். ஆனால் திரும்பிய கையோடு மதுரையில் இருந்த ஒரு நண்பனுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தான். நண்பன் அதை வைத்திருந்தான். மகன் முதல் தடவை படித்தது எங்கள் மெய்ப்புப் பிரதியில். எழுத்து நீல மை, இரண்டு பக்கமும் எழுதிய மெல்லிய தாள், ஆகவே மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும். ஸ்கேன் செய்யும்போது தாளுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைக்காமல் கறுப்புத் தாள் வைத்தால் ஊடுருவல் வெகுவாகக் குறைகிறது. தாள் கொஞ்சம் இருண்டு வரும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து கேசட். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு படித்த தோழி 1999இல் புற்றுநோயில் மறைந்தார். அப்போது மகளுக்கு நான்கு வயது. தோழிக்குத் தொலைத்தொடர்புத் துறையில் வேலை. மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் வடிவமைத்த ஊரகத் தொலைபேசி இணைப்பகத்தின் முதல் கருவி 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. 128 இணைப்பு தாங்கும், குளிர்சாதன அறை தேவைப்படாத கருவி. அப்படிப்பட்ட இணைப்பகங்கள் கிராமம் கிராமமாக வந்த காலத்தில் அவற்றை நிறுவிப் பராமரித்தவர்களில் அவரும் ஒருவர். மகள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா குரல் எங்கயாவது இருக்குமா அங்கிள்?"

இருந்தது. 1986 கலை விழாவில் அவர் பாடியதை யாரோ டேப்பில் பிடித்திருந்தார்கள். ஒரு சி-60 கேசட். திறந்து பார்த்தால், நாடாவைப் பிளேயரின் ஒலி படிக்கும் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்து கிடந்தது. அது இல்லாமல் ஓட்டினால் குரல் கம்மிக் கம்மிப் போகும். அந்தக் கேசட்டின் கூடு திருகாணி இல்லாமல் ஒட்டியே செய்தது. ஓரத்து மூட்டில் மெல்லிய கத்தியை வைத்து மெதுவாக நெம்பித் திறந்தோம். ஐந்து திருகாணி போட்ட வேறொரு கேசட்டை வாங்கி, அதன் நாடாவை எடுத்துவிட்டு, இதன் இரண்டு சுருள்களையும் அந்தக் கூட்டுக்குள் மாற்றினோம். இதைச் செய்யும்போது கேசட்டை மேசையில் படுக்க வைத்தே திறக்க வேண்டும், மூலையில் உள்ள உருளைகள் இருக்கும் இடத்தை முன்னதாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாடாவை விரலால் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு பிளேயரின் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நாடாவை ஒரு முறை கடைசி வரை சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, இறுக்கம் தளர்ந்த பிறகே ஓட்டினோம்.

முதலில் கேட்டபோது போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருந்தது. காரணம் தலையின் கோணம். பதிவு செய்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இந்தக் கருவியின் தலையும் இருந்தால்தான் உயர்ந்த ஒலிகள் வரும். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே அதை இம்மி இம்மியாகத் திருப்பினால், ஓரிடத்தில் 'ச', 'ஸ' ஒலிகள் சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்த வேண்டும். மடிக்கணினியின் மைக் துளையில் செருகாமல், லைன் உள்ளீடு உள்ள யூ.எஸ்.பி. ஒலி அட்டை வழியாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூ.ஏ.வி. கோப்பு. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஐந்நூறு எம்.பி.க்குச் சற்று மேல் வரும். ஒலிபெருக்கியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை மட்டும் குறைத்தோம். இரைச்சலை முழுக்க எடுத்தால் குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது.

வேகம்தான் கடைசிச் சிக்கல். இன்று எங்கள் பிளேயர் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க, கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் ஒன்றை ஓட்டி, அதே பாட்டின் டிஜிட்டல் பதிவோடு நேரத்தை ஒப்பிட்டுச் சரிசெய்தோம். ஆனால் 1986இல் பதிவு செய்த டேப் ரெக்கார்டர் எந்த வேகத்தில் ஓடியது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அவருடன் நான்கு வருடமும் ஒரே அறையில் இருந்த தோழியை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னோம். கண்ணை மூடிக் கேட்டார். "அவ குரல் இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார். ஒரு சதவீதம் குறைத்தோம். இன்னும் என்றார். இரண்டு சதவீதம் குறைத்ததும், "இதுதான்" என்றார். அதையே வைத்துக்கொண்டோம். பாட்டுக்கு முன்னால் அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "பின்னாடி கேக்குதா?" என்று கூட்டத்தைக் கேட்கிறார். அந்த இரண்டு சொல்லைத் தனிக் கோப்பாக வெட்டித் தர முடியுமா என்று மகள் கேட்டார். தந்தோம். வெட்டாத முழுப் பதிவும் அவரிடம் இருக்கிறது.

புத்தக வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டெம்மி அளவு. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் எட்டு ஃபாரம். குறைந்த பிரதிகள் என்பதால் டிஜிட்டல் அச்சு. முதுகில் பசை மட்டும் போடும் பர்ஃபெக்ட் பைண்டிங் மலிவுதான், ஆனால் அடிக்கடி விரித்து வைத்துப் பார்க்கும் புத்தகத்தில் தாள் கழன்று வரும். நூலால் ஃபாரம் தைத்துக் கெட்டி அட்டை போட்டோம். வடிவமைப்பாளரிடம் ஒன்றை வலியுறுத்த வேண்டியிருந்தது: பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழும். இறந்தவரின் பெயரில் கொம்பு பிசகி அச்சாவதை எந்தக் குடும்பமும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பத்துப் பக்கத்தைப் படித்து ஒப்புதல் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். ஒரு குடும்பம் ஒரு படத்தை வேண்டாம் என்றது, எடுத்துவிட்டோம், காரணம் கேட்கவில்லை.

எல்லா ஸ்கேன்களும் டிஃப் கோப்பாகவும், ஒலி டபிள்யூ.ஏ.வி.யாகவும் இரண்டு ஹார்டு டிஸ்கில், மதுரையில் ஒன்று சென்னையில் ஒன்று என்று இருக்கின்றன. அந்தந்தக் குடும்பத்துக்கு உரியதைப் பென் டிரைவில் புத்தகத்தோடு கொடுத்தோம். பிரதிகள் தீர்ந்துவிட்டன. பேரப் பிள்ளைகளுக்கு என்று மூன்று வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள். நாகர்கோவில் தோழியின் மகள், அம்மா கைப்பட எழுதிய இணைப்பகப் பராமரிப்புக் குறிப்புகள் சிலவற்றைப் பழைய கோப்பில் கண்டெடுத்திருக்கிறார். அவற்றை ஸ்கேன் செய்து சேர்த்ததும் இரண்டாம் அச்சுக்குக் கொடுக்கிறோம்.